நாலாவது ஆள்

முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் மூன்று பேரும் பள்ளத்தாக்குக்குப் படியிறங்கினார்கள். திலகவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழே முக்கால். அது இன்னும் மாயவரத்து மணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதோடு நாலரையைக் கூட்டினால் இந்த ஊர் மணி, பன்னிரண்டேகால். அவர்கள் இறங்கும்போது பதினொன்று பத்து. அப்படியானால் இருபது நிமிஷம் தாமதம். இருபது நிமிஷமெல்லாம் ஒரு தாமதமா என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கணக்குத் தப்பாக இருக்கும் என்று மறுபடி முதலிலிருந்து கூட்டினாள். அதே இருபதுதான் வந்தது. சிட்னிக்குத் தம்பி வீட்டுக்கு வந்து எண்பது நாள் ஆகியும் அவள் முள்ளைத் திருப்பி வைக்கவில்லை. தம்பி மகள் ஆதிரை கூட ஒருநாள், "குடுங்க அத்தை, நான் மாத்தித் தரேன்" என்று கையைப் பிடித்தாள். இருக்கட்டும்மா, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். மெதுவாக என்றால் அப்போது அவள் மனசில் வருஷக்கணக்கு. எவ்வளவு பெரிய அசடு. பெஞ்சு ஜில்லென்று புடவை வழியாக ஏறியது. மே மாதத்தில் குளிர்கிற ஊர், எல்லாமே தலைகீழ். அவளுக்குப் பக்கத்தில் மூன்று பைகள். தம்பி குருவின் முதுகுப் பை, அவன் மனைவி சுபாஷிணியின் கைப்பை, விடிகாலை எழுந்து திலகவதி கிளறிய புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்த துணிப்பை. இருபதாவது படியிலேயே வலது முழங்கால் என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டது. "நீங்க மேலயே உக்காந்துக்குங்க அண்ணி, பையெல்லாம் பாத்துக்குங்க" என்றாள் சுபாஷிணி. பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் திரும்பிய அந்த நொடியில்தான், மூணு பேரா போறாங்களே என்று அவளுக்கு உறைத்தது. கை தானாகப் பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு கல்லை எடுத்தது. கூப்பிட்டு ஆதிரையின் சிவப்பு ஜாக்கெட் பையில் போட்டுவிட்டால் முடிந்தது, நாற்பத்து மூன்று வருஷமாகச் செய்து வருகிற காரியம்தான். அவள் கூப்பிடவில்லை. கல்லைக் கீழே போட்டாள். அது கைதவறி விழவில்லை, அவளாகத்தான் போட்டாள்.

மூன்று பேராக எங்கும் போகக் கூடாது என்று எல்லார் வீட்டிலும்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட அனுப்புவார்கள். திலகவதி வீட்டில் மறக்க முடியாமல் போயிற்று. அப்பா ஆடி அமாவாசைக்கு இரண்டு சிநேகிதர்களோடு பூம்புகாருக்குக் கடலாடக் கிளம்பினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் இறங்கிவிட்டார். அம்மா கையில் தோசைக்கரண்டியோடு நின்று, மூணு பேரா போறாரே என்று முணுமுணுத்தாள், திலகவதிக்குக் கேட்டது. போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது இன்னொரு பழக்கம். ஒன்றுக்குப் பயந்து இன்னொன்றை விட்டாள் அம்மா. சாயங்காலம் சிநேகிதர்கள் இரண்டு பேரும் வந்தார்கள், அப்பாவின் துண்டைக் கொண்டு வந்தார்கள். அப்போது அவளுக்குப் பதினாலு, தம்பி குமரகுருவுக்கு அஞ்சு. அதற்கப்புறம் வீடே மூன்று பேர் ஆகிவிட்டது, அதுதான் அம்மாவைப் போட்டு ஆட்டியது. எங்கே கிளம்பினாலும், ரேஷன் கடைக்கானாலும் கல்யாணத்துக்கானாலும், கொல்லையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கழுவிப் பையில் போட்டுக்கொள்வாள். அதுதான் நாலாவது ஆள். வீடு திரும்பியதும் கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒருதடவை சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், கனக்கிறது என்று குரு அதை வீசிவிட்டான், ஏழு வயது. அம்மா பளீரென்று ஓர் அறை வைத்தாள். "கூட வந்ததை வழியில விட்டுட்டா வருவே? அப்பாவை விட்டுட்டு வந்தானுங்களே, அது மாதிரியா?" மாயவரம் பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது, மூன்று பேரும் டீக்கடை வாசலில் குனிந்து அந்தக் கல்லைத் தேடினார்கள். கிடைத்த பிறகுதான் ஏறினார்கள். தேம்பிக்கொண்டே குரு அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஆதிரைக்கு இந்தக் கதையை வந்த புதிதில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "கல்லு எவ்ளோ வெயிட் இருக்கணும் அத்தை?" என்று கேட்டாள். பதின்மூன்று வயதுப் பெண், அதுதான் கேட்கத் தோன்றும். கைக்கடக்கமா இருந்தாப் போதும் என்றாள். பக்கத்தில் குருவும்தான் இருந்தான், செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எட்டாக ஐந்து நிமிஷம். அரைமணி தாமதம். தாமதமாகட்டும், நன்றாக ஆகட்டும் என்று நினைத்து, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நினைப்பை யார் தடுப்பது. காலையில் மலை ஏறுவதற்கு முன் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். சுபாஷிணியும் ஆதிரையும் பாத்ரூமுக்குப் போனார்கள், குரு வெளியே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்கு ஒழுகியது. டிஷ்யூ இருக்குமா என்று முன் சீட்டின் முதுகில் இருந்த பைக்குள் கைவிட்டாள். பிளாஸ்டிக் உறை வந்தது, உள்ளே வழவழப்பான ஒரு புத்தகம். கோயம்புத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் முதியோர் இல்லம், சுத்தமான காற்று, அமைதியான சூழல், ஜன்னலைத் திறந்தால் மலை. யாருக்கு என்று ஒரு நொடி உண்மையாகவே யோசித்தாள், சுபாஷிணியின் அப்பாவுக்கோ என்று கூட நினைத்தாள், பாவம் அந்த மனுஷர் என்று நினைத்தாள். அப்புறம் படிவம். பெயர் திலகவதி, வயது ஐம்பத்தேழு, உபாதை மூட்டுவலி, சேரும் நாள் பதினாலாம் தேதி. அவள் விமானம் சென்னையில் இறங்குவது பதின்மூன்றாம் தேதி. நடுவில் ஒரு ராத்திரியைப் பெரிய மனசு பண்ணி விட்டிருந்தான். சேரக் காரணம் என்ற இடத்தில், கவனிக்க ஆள் இல்லை என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. குருவின் கையெழுத்துதான், சாய்ந்து சாய்ந்து போகும், சிலேட்டில் அவள் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்த கை. புகைப்படம் கூட ஒட்டியாகிவிட்டது. அவள் வந்திறங்கிய அன்று ஏர்போர்ட்டில் எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டி எடுத்திருந்தான். தோளில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது, ஆதிரையின் கை, மணிக்கட்டோடு. கடைசியில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. தாலுகா ஆபீசில் இருபத்தேழு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள் அவள். கைநாட்டு வைக்க வருகிறவர்களுக்கு இப்படித்தான் பென்சிலால் குறி போட்டு, இங்கே வைங்க என்று காட்டுவாள். உறையை மடித்து இருந்த இடத்திலேயே செருகினாள். குரு கார் கதவைத் திறந்து, "குளிருதாக்கா? ஹீட்டர் போடட்டுமா?" என்றான். "வேணாம்டா" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருக்கலாம். அவளுக்குக் கத்திப் பழக்கமில்லை.

அதற்கப்புறம் ஊர் சுற்றிப் பார்க்கிற கூத்து. ஒரு முனையில் நிறுத்தி மூன்று பாறைகளைக் காட்டினார்கள். அக்கா தங்கைகளாம், கல்லாகி நிற்கிறார்களாம், பெயரே மூன்று சகோதரிகள். சீனாக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூணு பேரா நிக்கக் கூடாதுன்னு அதுங்களுக்கு யாரும் சொல்லலை போல என்றாள், குரு கூடச் சிரித்துவிட்டான். சிரிக்கும்போது அப்பாவின் வாய் அவனுக்கு. அந்த வாயைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் ஏமாந்தாள். சீர்காழியிலிருந்து ஒரு வரன் வந்தது, கூட்டுறவு ஸ்டோரில் வேலை, நல்ல மாதிரி, அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்ட ஆள். தம்பி ப்ளஸ் டூ முடிக்கட்டும் என்றாள். முடித்தான். இஞ்சினீயரிங் முடிக்கட்டும் என்றாள். அவரும் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் கட்டிக்கொண்டார். அதற்காக அவள் குருவிடம் ஒருநாளும் முகம் காட்டியதில்லை, காட்டாமல் இருந்ததுதான் தப்பு, காட்டியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டது, ஆறு வருஷம் பீயும் மூத்திரமும் அள்ளியது, போன வருஷம் தை மாதம் அம்மா போனது, வருஷத் திதிக்கு அவன் போனில் வந்தது. "நீ மட்டும் அங்க என்னக்கா பண்ணப்போறே? வீட்டைக் காலி பண்ணிட்டு வா. விசாவை நீட்டிக்க வழி இருக்கும், பாத்துக்கலாம்" என்றான். அவளும் கிளம்பிவிட்டாள். மிக்ஸியை எதிர்வீட்டுக்கு, கட்டிலைப் பால்காரனுக்கு, அம்மாவின் சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரிக்கு. மூன்று மாத விசாவுக்கு யாராவது அம்மிக்கல்லைத் தானம் கொடுப்பார்களா? கொடுத்தாள். இங்கே வந்து எண்பது நாளும், இன்றைக்குச் சொல்வான் நாளைக்குச் சொல்வான் என்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருந்துடுக்கா என்ற ஒரு சொல். விசாவெல்லாம் கிடைக்காமல் போகட்டும், சட்டம் விடாமல் போகட்டும், அவன் கேட்டுவிட்டால் போதும், அவளே வேண்டாம்டா என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய் எங்கேயாவது ஒரு போர்ஷன் பிடித்துக்கொள்வாள். போன வாரம், "ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம்கா, அங்க நிதானமாப் பேசலாம்" என்றபோது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பேசத்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பென்சில் குறியோடு.

எட்டேகால். காற்று அடித்தது, மரமெல்லாம் தைலம் மணத்தது. இந்த மலை நீலமாகத் தெரிவதே மரத்துத் தைலம் காற்றில் கலப்பதால்தான் என்று ஆதிரை சொன்னாள். அம்மாவின் காலுக்கு ராத்திரி ராத்திரி தேய்த்த வாசனை. தூரத்தில் ஒரு ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. முதலில் மரத்துக்குப் பின்னால் எங்கேயோ, அப்புறம் நேராகத் தலைக்கு மேல், அப்புறம் பள்ளத்துக்குள் இறங்குவதுபோல். சுற்றுலாக்காரர்களுக்கும் ஹெலிகாப்டர் விடுவார்கள், குரு வழியில் காட்டினான். ஆனால் விழுந்தவர்களைத் தூக்கவும் விடுவார்கள், அதையும் அவன்தான் சொன்னான், போன வருஷம் ஒருத்தர் என்று ஆரம்பித்தான், சுபாஷிணி, "இப்ப அது எதுக்கு?" என்று அடக்கினாள். எந்தப் படி ஈரமாக இருந்ததோ. ஆதிரை முன்னால் ஓடுகிறவள். அவள் வழுக்கினால் குரு பிடிக்கப் போவான். குரு பிடிக்கப் போனால். மேலே நினைக்காமல் எழுந்து நின்றாள். செல்போனை எடுத்தாள், சிக்னல் கோடு ஒன்று கூட இல்லை. பெஞ்சுக்கடியில் அந்தக் கல் கிடந்தது. கூப்பிட ஒரு நொடி போதுமாயிருந்தது. அம்மா கூப்பிடாமல் விட்டது பயத்தில். இவள் விட்டது எதில்? வஞ்சத்தில். போங்கடா, உங்களுக்குத்தான் மூணு பேர் போதுமே, போய்ப் பாருங்க என்று இந்த மனசுதான் சொல்லியது, முழுசாகச் சொல்லி முடித்தது. நாற்பத்து மூன்று வருஷம் தூக்கிச் சுமந்ததெல்லாம் இந்த ஒரு நொடியில் போயிற்று. வெறும் கல்தானே, படித்தவள்தானே நீ என்றும் சொல்லிப் பார்த்தாள், அப்பாவின் துண்டு வந்து நின்றது, மண் ஒட்டின துண்டு. ஒரு வெள்ளைக்காரக் கிழத் தம்பதி கம்பூன்றி மேலேறி வந்தார்கள், எழுபதுக்கு மேலிருக்கும், முழங்கால் அவர்களுக்கு வேறு கடையில் செய்தது போல. அவள் ஓடிப்போய் வழிமறித்தாள். "த்ரீ பீப்பிள்? ஒன் கேர்ள், ரெட் ஜாக்கெட்?" என்றாள். அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, சாரி டியர் என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். பார்க்கவில்லை. ஒரே பாதை, பார்க்கவில்லை என்றால் பாதையில் இல்லை. பைகளை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கத் தொடங்கினாள். திருடினால் திருடட்டும். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, வலது காலை முதலில் வைத்து. பத்து. இருபது. முழங்காலுக்குள் யாரோ அரைத்தார்கள். முத்துக்குமரா, வைத்தீஸ்வரன் கோயிலானே, புள்ளைக்கு முதல் முடி உன் சன்னதியிலதானே எடுத்தேன், என் மடியில வெச்சுத்தானே எடுத்தேன். அவனை மேல கொண்டு வந்து சேர்த்துடு. நான் கையெழுத்துப் போட்டுடறேன். ஒரு வார்த்தை கேக்க மாட்டேன், முகத்தைத் தூக்கி வெச்சுக்க மாட்டேன், எங்க காட்டறானோ அங்க போட்டுடறேன். முப்பத்தேழாவது படியில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. வளைவில் முதலில் சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது.

"அத்தை! சாரி அத்தை, ரொம்ப லேட்டாயிடுச்சு. கீழ ஒரு பறவை, அச்சு அசலா கேமரா சத்தம் மாதிரியே கத்துச்சு! அது இன்னொருவாட்டி கத்தட்டும்னு புதருக்குள்ள உக்காந்துட்டோம்."

"கத்துச்சா?" என்றாள் திலகவதி.

"கத்தவே இல்லை!"

குரு பின்னால் வந்தான். முகமெல்லாம் சிவந்து, வேர்த்து, முழுசாக இருந்தான். பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு பறவைக்காக. "நீ ஏன்க்கா இங்க வந்து உக்காந்திருக்கே? முட்டி என்ன ஆகறது? பையெல்லாம் எங்க?" என்றான். ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் ஆதிரையும் பிடித்து மேலே கொண்டு வந்தார்கள். அவன் கை கதகதவென்று இருந்தது. இந்தக் கையை நம்பாமல் எதை நம்புவது என்று அப்போதும் ஒரு நினைப்பு ஓடியது, வெட்கங்கெட்ட நினைப்பு. பைகள் பெஞ்சிலேயே இருந்தன. சுபாஷிணி தன் கைப்பையைத் திறந்து பார்த்து மூடினாள். ஆதிரை ஜாக்கெட் பையில் கைவிட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஒரு கல். மஞ்சளும் பழுப்புமாக, கைக்கடக்கமாக.

"மூணு பேரா போகக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல? நீங்க வரலைன்ன உடனே நானே ஒண்ணு எடுத்துக்கிட்டேன். வெயிட் சரியா அத்தை?"

திலகவதி கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "சரியா இருக்கும்மா" என்றாள்.

"வழியெல்லாம் இதுதான் கூத்து அண்ணி" என்றாள் சுபாஷிணி. "அதுக்குப் பேர் கூட வெச்சாச்சு."

"என்ன பேரு?"

"அத்தை!" என்று ஆதிரை சிரித்தாள். "அத்தை பத்திரமா இருக்காங்களா, அத்தையை விட்டுட்டியான்னு அப்பா கேட்டுக்கிட்டே வந்தாரு."

குருவும் சிரித்தான். மகள் கையிலிருந்து கல்லை வாங்கி ஒருதரம் தூக்கிப்போட்டுப் பிடித்தான். "சரி, நாலு பேர் ஆயாச்சு. இனி இது எதுக்கு?"

"வீட்டுக்குக் கொண்டு போகவும் முடியாதுப்பா. நேஷனல் பார்க்குல கல்லு எடுக்கக் கூடாது, ரூல்" என்றாள் ஆதிரை, கொஞ்சம் வருத்தமாகவே.

"அதான் சொல்றேன். இங்கயே இருக்கட்டும். நல்ல காத்து, நல்ல வியூ." திலகவதி அத்தனை நேரம் உட்கார்ந்திருந்த இடத்தில் அதை வைத்தான். பிறகு முதுகுப் பையைத் தூக்கி, ஜிப்பை இழுத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான். "அக்கா, கீழ ஊர்ல ஒரு நல்ல காபிக் கடை இருக்கு. அங்க உக்காந்து உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும். ஒண்ணும் பெரிசா இல்லை."

"பேசலாம்டா" என்றாள். மூன்று பேரும் கார் நிற்கும் பக்கம் நடந்தார்கள். அவள் துணிப்பையை எடுத்தாள். கல்லைப் பார்த்தாள். குனிய முடியாத முழங்காலுக்கு வசதியாகப் பெஞ்சில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டாள்.

ஆதிரை திரும்பிப் பார்த்துவிட்டாள். "அத்தை, ரூல்..."

"எங்கம்மா ரூல் வேற" என்றாள் திலகவதி. குரு நின்றான். அவள் கையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரிக்கப்போகிறவன்போல் வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் அவனுக்கு ஞாபகம் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கேட்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

காரில் பின்சீட்டில் அவளுடைய இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை ஆதிரை மாட்டிவிட்டாள். எதிரே முன் சீட்டின் முதுகில் அந்தப் பை, பிளாஸ்டிக் உறையின் ஓரம் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடத்தான் போகிறாள். முத்துக்குமரன் தன் பங்கைச் செய்துவிட்டான், அவளும் வாக்கைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். வண்டி கிளம்பியது. அவள் கல்லைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள், கழுவத் தண்ணீர் இல்லை. பிறகு அந்தப் பைக்குள், உறையின் மேலேயே, அதை இறக்கினாள். கனத்தில் பை கீழே தொங்கியது. இனி அந்தத் தாளை எடுக்க வேண்டுமானால், குரு முதலில் அந்தக் கல்லைக் கையில் எடுக்க வேண்டும்.